சொற்களால் எழுந்த அரண்மனை

காலை ஏழு மணி. செலண்டாரிலிருந்து மலாக்கா நகரை நோக்கிப் பள்ளிப் பேருந்து புறப்பட்டது. கிழக்கே குனோங் லேடாங்கின் பின்னாலிருந்து கதிரவன் மெல்ல எழுந்துகொண்டிருந்தது. சாலையின் இருபுறமும் செம்பனை மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னோக்கி ஓடின. பேருந்தில் இருந்த படிவம் நான்கு மாணவர்களுக்கு லேடாங் மலை புதிதன்று. பள்ளிக்கு வரும்போதும் போகும்போதும் நாள்தோறும் காணும் மலைதான். அன்று அவர்கள் பார்க்கவிருந்த அரண்மனையையும் அந்த மலையையும் ஒரே நூல் வருணித்திருக்கிறது என்பதை மட்டும் அவர்கள் அப்போது அறிந்திருக்கவில்லை.

மலாக்கா நகரின் செயின்ட் பால் குன்றின் அடிவாரத்தில் பேருந்து நின்றது. ஒருபுறம் போர்த்துகீசியர் கட்டிய கோட்டையில் எஞ்சியிருக்கும் போர்த்தா டி சந்தியாகோ வாயில். சிறிது தொலைவில், பசும்புல் வெளிக்கும் பூங்காவுக்கும் அப்பால், கரும்பழுப்பு நிறத்தில் நீண்டு உயர்ந்த ஒரு மர மாளிகை. அதுவே மலாக்கா சுல்தான் அரண்மனை அருங்காட்சியகம்.

நுழைவாயிலில் மாணவி ஒருத்தி ஆசிரியரைக் கேட்டாள்.

“ஐயா, இந்த அரண்மனையை எந்த ஆண்டு கட்டினார்கள்?”

“1984ஆம் ஆண்டு கட்டத் தொடங்கினார்கள். 1986ஆம் ஆண்டு திறந்து வைத்தார்கள்.”

“அப்படியென்றால் இது சுல்தான் வாழ்ந்த அரண்மனை இல்லையா?”

“இல்லை. அந்த அரண்மனையின் ஒரு தூண்கூட இன்று இல்லை.”

“பிறகு நாம் எதைப் பார்க்க வந்தோம், ஐயா?”

மாணவர்கள் சிலர் சிரித்தனர். ஆசிரியர் சிரிக்கவில்லை.

“நல்ல கேள்வி. எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு பூங்காவில் உட்காருவோம். அப்போது இதற்கு நீயே பதில் சொல்லம்மா” என்றார்.

குன்றின்மேல் இருந்த மாளிகை

மலாக்கா அரசு ஏறத்தாழ 1400ஆம் ஆண்டில் பரமேஸ்வராவால் நிறுவப்பட்டது. ஒரு மரத்தடியில் அவர் இளைப்பாறிக்கொண்டிருந்தபோது, சருகுமான் ஒன்று வேட்டை நாயை எதிர்த்து உதைத்ததைக் கண்டார். அந்த மண்ணின் வீரத்தை வியந்து, அம்மரத்தின் பெயரையே ஊருக்கு வைத்தார் என்பது மரபுக் கதை. மலாய் மொழியில் ‘மெலாக்கா’ என்று அழைக்கப்படும் அம்மரம் வேறெதுவும் அன்று. தமிழர் நன்கறிந்த நெல்லி மரமே அது.

ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் வளர்ந்தது. அதைப் பார்த்தவாறு நின்ற குன்றின்மேல் சுல்தானின் அரண்மனை எழுந்தது. மலாக்காவின் புகழ்மிக்க ஆட்சியாளர்களுள் ஒருவரான சுல்தான் மன்சூர் ஷா, பதினைந்தாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ஆண்டவர். அவர் கட்டிய அரண்மனையின் தோற்றத்தைச் ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் வரலாற்று இலக்கியம் விரிவாக வருணிக்கிறது. பதினேழு பகுதிகள் கொண்ட நெடிய மாளிகை. ஒருவர் கைகளை விரித்துக் கட்டித் தழுவும் அளவு பருத்த தூண்கள். ஏழு அடுக்காக உயர்ந்த கூரை முகடு. செம்பும் ஈயமும் வேய்ந்த கூரை. பொன்பூச்சுப் பூசிய வேலைப்பாடுகள். வெயில் பட்டதும் தீக்கொழுந்துபோல் ஒளிரும் சீனத்துக் கண்ணாடிகள்.

அந்த மாளிகை நெடுநாள் நிலைக்கவில்லை. தீப்பற்றி எரிந்து போனது. மின்னல் தாக்கியதே காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. கூரையின் உலோகம் உருகி மழைபோல் ஒழுகியதால், உள்ளேயிருந்த பொருள்களை எடுக்கப் பலர் அஞ்சினர் என்று நூல் சொல்கிறது. பின்னர்ப் பல ஊர்களிலிருந்து மக்கள் அழைக்கப்பட்டனர். பெரிய மாளிகை, அவை மண்டபம், சமையற்கூடம் என ஒவ்வொரு பகுதியும் ஒவ்வோர் ஊராரிடம் ஒப்படைக்கப்பட்டது. அரண்மனை மீண்டும் எழுந்தது.

1511ஆம் ஆண்டு அஃபோன்சோ டி அல்புகெர்க்கின் தலைமையில் வந்த போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். அரசகுடும்பம் நகரைவிட்டு வெளியேறியது. அரண்மனை நின்ற குன்றைச் சுற்றி ‘ஆ ஃபாமோசா’ கோட்டை கட்டப்பட்டது. பள்ளிவாசலிலிருந்தும் அரச கல்லறைகளிலிருந்தும் எடுத்த கற்கள் அதற்குப் பயன்பட்டன. 1807ஆம் ஆண்டு ஆங்கிலேயர் அக்கோட்டையையும் இடிக்கத் தொடங்கினர். அதிலிருந்து தப்பியதே இன்று காணும் போர்த்தா டி சந்தியாகோ வாயில். மரத்தால் எழுந்த அரண்மனை எரிந்தது. கல்லால் எழுந்த கோட்டையும் இடிந்தது. ஒரே குன்றில் இந்த இரண்டும் நிகழ்ந்தன.

இரும்பாணி இல்லாத கட்டடம்

படிக்கட்டின் கீழே காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு மாணவர்கள் மேலே ஏறினர். வெளியே வெயில் சுட்டாலும், கால் வைத்த மரத்தளம் குளிர்ச்சியாக இருந்தது.

இக்கட்டடம் ஏறத்தாழ 67 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உடையது. உயரம் 18 மீட்டருக்கும் அதிகம். செங்கால், ராசாக் போன்ற உறுதியான உள்நாட்டு மரங்கள் இதற்குப் பயன்படுத்தப்பட்டுள்ளன. கூரையில் வேயப்பட்டிருப்பவை பெலியான் மரத்தின் சில்லுகள். பெலியான் மிகவும் கடினமான மரம்; மழையிலும் வெயிலிலும் பல ஆண்டுகள் கெடாது.

தூண்களும் உத்தரங்களும் இணையும் இடங்களை மாணவர்கள் உற்று நோக்கினர். மரபுவழி மலாய்த் தச்சு முறையில் இவை இரும்பாணி இன்றி இணைக்கப்பட்டுள்ளன. ஒரு மரத்தின் முனையை நாக்குப்போல் செதுக்குவார்கள். மற்றொரு மரத்தில் அதற்கேற்ற துளை இடுவார்கள். நாக்கைத் துளைக்குள் செருகி, ‘பாசாக்’ எனப்படும் மர முளையை அடித்து இறுக்குவார்கள்.

“இரும்பாணி அடித்தால் வேலை எளிதாக முடியுமே, ஐயா?” என்று ஒரு மாணவன் கேட்டான்.

“மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். நம் நாட்டில் இரண்டும் ஒரே நாளில் வரும். மர முளையும் மரமும் ஓரளவு சேர்ந்தே உப்பிச் சுருங்கும். இரும்பு அப்படிச் செய்யாது. துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுத்துவிடும். இன்னொரு நன்மையும் உண்டு. முளைகளைத் தட்டி எடுத்தால், வீட்டைப் பகுதி பகுதியாகக் கழற்றி வேறோர் இடத்தில் மீண்டும் எழுப்பலாம்” என்று ஆசிரியர் விளக்கினார்.

கட்டடம் தரையில் அமராமல் தூண்களின்மேல் நிற்பதற்கும் காரணம் உண்டு. மண்ணின் ஈரமும் வெள்ளமும் தளத்தை எட்டுவதில்லை. அடியில் காற்று உலவுவதால் வெப்பமும் தணிகிறது. செங்குத்தாகச் சரியும் கூரை, கனமழையைத் தேங்கவிடாமல் வழித்துவிடுகிறது. அரண்மனையின் அழகுக்குள் தட்பவெப்ப அறிவு அடங்கியிருப்பதை மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர்.

அவை மண்டபத்தில் தமிழர்

உள்ளே, சுல்தான் அரியணையில் வீற்றிருக்கும் காட்சி உருவச் சிலைகளால் அமைக்கப்பட்டிருந்தது. அமைச்சர்களும் வீரர்களும் வரிசையாக அமர்ந்திருந்தனர். பல நாட்டு வணிகர்களின் உருவங்களும் அவரவர் உடையில் இருந்தன.

மலாக்காத் துறைமுகத்தில் எண்பத்து நான்கு மொழிகள் பேசப்பட்டன என்று, பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வாழ்ந்த போர்த்துகீசியரான தோமே பிரேஸ் எழுதியிருக்கிறார். வெளிநாட்டு வணிகர்களைக் கவனிக்க ‘ஷாபந்தார்’ எனப்பட்ட துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர். தமிழ் வணிகர்களுக்கும் அவர்களுள் ஒருவர் பொறுப்பாக இருந்தார்.

தமிழர் வணிகர்களாக மட்டும் வந்து திரும்பிவிடவில்லை. சுல்தான் மன்சூர் ஷாவின் தந்தை சுல்தான் முசாஃபர் ஷா. அவருடைய தாய் துன் வாத்தி, தென்னிந்தியாவிலிருந்து வந்து மலாக்காவில் குடியேறிய மணி புரிந்தான் என்பவரின் குடும்பத்தைச் சேர்ந்தவர். அக்குடும்பத்தினர் தமிழ் முஸ்லிம்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். அந்தக் குடும்பத்தின் துன் அலி, அரசின் உயரிய பதவியான பெண்டஹாரா பதவியையும் வகித்தார். மற்றொரு புறம், மலாக்காவில் வாழ்ந்த இந்து வணிகர்களின் வழிவந்தவர்கள் மலாக்காச் செட்டிகள். காஜா பெராங் பகுதியில் இன்றும் அவர்களின் குடியிருப்பு உள்ளது. மலாய் மொழி பேசி, தமிழர் சமயத்தைப் போற்றி அவர்கள் வாழ்ந்து வருகின்றனர்.

அவை மண்டபத்தில் ஒலித்த மொழியிலும் பழக்கமான சொற்கள் இருந்தன. அரசர் வழங்குவதைக் குறிக்கும் ‘குர்னியா’, தமிழில் நாம் ‘கருணை’ என்று வழங்கும் சொல்லோடு தொடர்புடையது. ‘அனுகெரா’ என்பது ‘அனுக்கிரகம்’. இவ்விரண்டும் வடமொழியிலிருந்து இரு மொழிகளுக்கும் வந்தவை. அரண்மனையைக் குறிக்கும் ‘மஹ்லிகாய்’ என்ற மலாய்ச் சொல்லோ, தமிழின் ‘மாளிகை’யிலிருந்து சென்றது. ‘காப்பால்’, ‘கெடாய்’ என்னும் மலாய்ச் சொற்களைக் கேட்டால், கப்பலும் கடையும் யார் வழியாக அங்குச் சென்றன என்பது விளங்கும்.

மற்றொரு பகுதியில் ஹங் துவாவும் ஹங் ஜெபாட்டும் போரிடும் காட்சி இருந்தது. அரசர் மீதுள்ள பற்றுக்காக ஹங் துவா வாளேந்தினார்; நண்பனுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காக ஹங் ஜெபாட் வாளேந்தினார். ‘ஹிகாயாட் ஹங் துவா’ என்னும் நூல் கூறும் கதை இது. செஜாரா மெலாயுவின் சில பிரதிகளில் ஹங் துவாவுடன் போரிடுபவர் ஹங் கஸ்தூரி.

“அப்படியென்றால் எது உண்மை, ஐயா?”

“இரண்டு நூல்கள் இரண்டு விதமாகச் சொல்கின்றன என்பது உண்மை. அதை அறிந்துகொண்டு படிப்பதுதான் வரலாற்றைப் படிப்பது” என்றார் ஆசிரியர்.

விலக்கப்பட்ட பூங்கா

நண்பகலில் மாணவர்கள் அரண்மனையின் முன்னுள்ள பூங்காவுக்கு வந்தனர். செதுக்கி வளர்த்த செடிகளும் நடைபாதையும் நிழல் மரங்களும் கொண்ட அந்த இடத்தின் பெயர் ‘தாமான் லாராஙான் டிராஜா’. ‘லாராஙான்’ என்றால் விலக்கப்பட்டது. அரச குடும்பத்துப் பெண்கள் உலவுவதற்காக, மற்றவர் நுழையக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட பழங்காலப் பூங்காவை நினைவூட்டும் வகையில் இது அமைக்கப்பட்டுள்ளது. இன்று பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். முதியவர்கள் நிழலில் அமர்கிறார்கள். பெயரில் மட்டும்தான் விலக்கு உள்ளது.

மலாக்கா ஆட்சியில் விலக்கு என்பது பூங்காவோடு நிற்கவில்லை. மஞ்சள் நிறம் அரசகுலத்துக்கு உரியது. மற்றவர் மஞ்சள் ஆடை அணியக்கூடாது. அரசரிடம் பேசும்போது ‘நான்’ என்பதற்குப் பதிலாகப் ‘பாதெக்’ என்ற தனிச்சொல்லையே சொல்ல வேண்டும். நிறமும் சொல்லும் மண்ணும் அரசருக்கும் மக்களுக்கும் இடையே எல்லைகளாக இருந்தன.

செஜாரா மெலாயுவில் மற்றொரு பூங்காவும் வருகிறது. அது இருப்பது குனோங் லேடாங்கின் உச்சியில். அம்மலையின் இளவரசியை மணக்க விரும்பிய சுல்தான் மஹ்மூட் ஷா தூதர்களை அனுப்புகிறார். முதுமை எய்திவிட்ட ஹங் துவாவால் மேலே ஏற முடியவில்லை. துன் மாமாட் என்பவர் மட்டும் சிலரோடு ஏறி, அழகிய பூங்கா ஒன்றை அடைகிறார். அங்கே இளவரசியின் நிபந்தனைகள் அவருக்குத் தெரிவிக்கப்படுகின்றன. மலாக்காவிலிருந்து மலைவரை ஒரு பொன் பாலமும் ஒரு வெள்ளிப் பாலமும். ஏழு தட்டு நிறையக் கொசுக்களின் இதயங்கள். கண்ணீர் நிறைந்த ஒரு தாழி. இவற்றோடு வேறு சிலவும். இறுதியாக, சுல்தானின் மகனுடைய குருதியில் ஒரு கிண்ணம். மற்ற எல்லாவற்றையும் கொடுக்க முடியும், இதை மட்டும் கொடுக்க முடியாது என்று சுல்தான் தம் விருப்பத்தைக் கைவிடுகிறார். எல்லாப் பூங்காக்களுக்கும் விலக்கு விதித்த அரசருக்கே ஒரு பூங்கா விலக்கப்பட்டதாகிறது.

இந்தக் கதையைக் கேட்டதும், காலையில் பேருந்தின் சன்னல் வழியே பார்த்த மலையை மாணவர்கள் நினைத்துக்கொண்டனர்.

“எங்கள் பாட்டியும் ஒரு பூங்காவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், ஐயா” என்றாள், காலையில் கேள்வி கேட்ட மாணவி. “தோட்டத்தில் துரை பங்களா மேட்டின்மேல் இருந்ததாம். சுற்றிலும் பூச்செடிகளாம். அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றியவர் பாட்டியின் அண்ணனாம். ஆனால், லயத்துப் பிள்ளைகள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டுமாம்.”

ஆசிரியர் சற்று நேரம் அமைதியாக இருந்தார். பிறகு, “அந்த பங்களா இப்போது இருக்கிறதா?” என்று கேட்டார்.

“இல்லை, ஐயா. லயமும் இல்லை. எல்லாம் செம்பனையாகிவிட்டது.”

எதைப் பார்க்க வந்தோம்?

“காலையில் நீ கேட்ட கேள்விக்கு வருவோம்” என்றார் ஆசிரியர். “பழைய அரண்மனையின் ஒரு தூண்கூட இல்லை. புகைப்படம் இல்லை. வரைபடமும் இல்லை. பிறகு எதைக் கொண்டு இதைக் கட்டினார்கள்?”

“செஜாரா மெலாயுவைக் கொண்டு” என்றனர் பலர்.

செஜாரா மெலாயுவுக்குச் ‘சுலாலாதுஸ் சலாத்தின்’ என்ற பெயரும் உண்டு. ஜொகூர் அரசின் பெண்டஹாராவாக இருந்த துன் ஸ்ரீ லானாங் 1612ஆம் ஆண்டில் இதனைத் தொகுத்தார். அவரும் மணி புரிந்தானின் குடும்ப வழியில் வந்தவரே. அப்போது மலாக்கா வீழ்ந்து நூறாண்டுகள் கடந்துவிட்டன. சுல்தான் மன்சூர் ஷாவின் அரண்மனையைத் துன் ஸ்ரீ லானாங் கண்ணால் கண்டதில்லை. பழைய ஏடுகளும் முன்னோர் வாய்மொழியாகச் சொல்லி வந்த செய்திகளுமே அவருக்குத் துணையாக இருந்தன. அச்சொற்களை அவர் ஒழுங்குபடுத்தி எழுதி வைத்தார். 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இந்நூலை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. 2008ஆம் ஆண்டு மலாக்கா நகரும் ஜார்ஜ்டவுனும் உலகப் பாரம்பரியத் தலங்களாக அறிவிக்கப்பட்டன.

அந்தப் பழஞ்சொற்களை வரலாற்று ஆர்வலர்கள் ஆராய்ந்தனர். ஓவியர்கள் அவற்றைப் படமாக்கினர். தச்சர்கள் படத்தை மரமாக்கினர். இன்றைய கட்டடம் நூலின் வருணனையை அப்படியே பின்பற்றியதன்று. அது குன்றின்மேல் இல்லை, அடிவாரத்தில் இருக்கிறது. அதன் கூரையில் செம்பும் ஈயமும் இல்லை, மரச் சில்லுகள் இருக்கின்றன. நூலின் வருணனையிலும் புகழ்ச்சி கலந்திருக்கலாம். அரசரைப் போற்றுவது அக்கால வழக்கம். ஆகவே, இதைப் பார்ப்பவர் பழைய அரண்மனையையே பார்த்ததாக எண்ணிவிடக் கூடாது.

மாணவி சற்று யோசித்துவிட்டுப் பேசினாள்.

“அரண்மனை எரிந்துபோனாலும், அது எப்படி இருந்தது என்று ஒருவர் எழுதி வைத்தார். அந்த எழுத்துதான் மீண்டும் இப்படி நிற்கிறது. நாம் அதைத்தான் பார்க்க வந்தோம், ஐயா.”

“சரியாகச் சொன்னாய். இன்னும் ஒன்றையும் யோசித்துப் பார். எழுதி வைத்தவர் அரண்மனையைப் பற்றி நிறைய எழுதினார். அதைக் கட்டிய ஊராரைப் பற்றிச் சில வரிகளில் சொன்னார். அந்த ஊரார் எப்படிப்பட்ட வீட்டில் வாழ்ந்தார்கள் என்பதை எழுதவே இல்லை. அதனால் அந்த வீடுகளை இன்று எந்தத் தச்சராலும் கட்ட முடியாது.”

மாணவர்கள் எவரும் பேசவில்லை. பூங்காவைத் தாண்டி, மாளிகையின் நீண்ட கூரை வெயிலில் தெரிந்தது.

பாட்டி சொன்ன வீடு

அன்று மாலை செலண்டாருக்குத் திரும்பிய அம்மாணவி, வரைதாள் ஒன்றை எடுத்துக்கொண்டு பாட்டியின் அருகில் அமர்ந்தாள்.

“பாட்டி, நீங்கள் இருந்த லயத்து வீடு எப்படி இருந்தது?”

“அதுல என்னம்மா இருக்கு, சொல்ல? சின்ன வீடு.”

“சொல்லுங்கள் பாட்டி. நான் வரைகிறேன்.”

பாட்டி முதலில் சிரித்தார். பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினார்.

“பத்து வீடும் ஒரே வரிசையா இருக்கும். பலகைச் சுவரு, தகரக் கூரை. மழை பெஞ்சா பேசுறது காதுல விழாது. முன்னால அஞ்சடி. அங்கதான் உங்க தாத்தா மரம் வெட்டுற கத்தியத் தீட்டுவாரு. பால் வாளியெல்லாம் அந்த மூலையில கவிழ்த்து வச்சிருக்கும். உள்ள ஒரே அறை. பின்னால குசினி. தண்ணிக் குழாய் பத்து வீட்டுக்கும் ஒண்ணுதான்.”

மாணவி கோடுகளை இழுத்தாள். பாட்டி குனிந்து பார்த்தார்.

“குழாயை அங்க போடாதம்மா. அது லயத்தோட கோடியில, ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்துல இருந்துச்சு. பெரட்டுக்குப் போறவங்க விடியக்காலையில அந்த வழியாத்தான் போவாங்க. பிள்ளைங்கள ஆயாகிட்ட விட்டுட்டுப் போகணும்ல.”

மாணவி அழித்துவிட்டு மீண்டும் வரைந்தாள். அஞ்சடி, குழாய், ஆயாக் கொட்டகை, பெரட்டுக் களம், சற்றுத் தள்ளி மாரியம்மன் கோவில், மேட்டின்மேல் துரை பங்களா. ஒவ்வொன்றாகத் தாளில் எழுந்தன. ஒன்றைச் சொல்லும்போது மற்றொன்று பாட்டிக்கு நினைவுக்கு வந்தது. அதுவரை வீட்டில் எவரும் கேட்காததால், பாட்டியும் அவற்றைச் சொன்னதில்லை.

“வீட்டுக்குப் பின்னால என்ன இருந்தது, பாட்டி?”

“பின்னாலயா?” பாட்டியின் முகம் மலர்ந்தது. “ஒரு முருங்கை மரம். ஒரு கறிவேப்பிலை. குளிக்கிற தண்ணி ஓடுற பக்கமா ஒரு மல்லிகைக் கொடி. நான் வச்சது. வெள்ளிக்கிழமைன்னா லயத்துப் பொம்பளைங்க எல்லாரும் வந்து பறிச்சுக்குவாங்க. யாரையும் வேணாம்னு சொன்னதில்ல.”

மாணவி வீட்டின் பின்புறம் ஒரு கொடியை வரைந்தாள். அதனருகே, ‘பாட்டியின் பூந்தோட்டம். யாரும் வரலாம்’ என்று எழுதினாள். தாளின் அடியில் தோட்டத்தின் பெயர், பாட்டியின் பெயர், அன்றைய நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்தாள்.

பாட்டி அந்தத் தாளை வாங்கி, கண்ணாடியை அணிந்துகொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இங்க ஒரு திண்ணை விட்டுப்போச்சும்மா. அதையும் போடு.”